டி.டி.யிடம் போனால் வேலை நடக்கிறது, வீடு மட்டும் ஏன் கிடைப்பதில்லை? (அயர்லாந்து அரசியல் இழை)

டப்ளின்_15

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக அரிக்கிற கேள்வி, இங்கே கேட்டால் அனுபவசாலிகள் பதில் சொல்வார்கள் என்று எழுதுகிறேன்.

குடியுரிமை விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கிறது என்றே தெரியாமல் அல்லாடிக்கொண்டிருந்தேன். எத்தனை மின்னஞ்சல் போட்டாலும் ஒரே தானியங்கிப் பதில். கூட வேலை பார்க்கிற ஐரிஷ் பெண்தான் "உங்கள் டி.டி.யிடம் சொன்னீர்களா?" என்று கேட்டார். டி.டி. என்றால் டால் என்கிற கீழவையின் உறுப்பினர். எனக்கு அவரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டே கிடையாதே, என்னை எதற்கு உட்கார வைத்துப் பேசப்போகிறார் என்று தயங்கினேன். ஆனாலும் ஒரு சனிக்கிழமை போனேன். சமூகக் கூடத்தின் பின்னறை, அடுக்கி வைக்கிற பிளாஸ்டிக் நாற்காலிகள், எனக்கு முன்னால் இலவச மருத்துவ அட்டை நின்றுபோன ஒரு பாட்டி, பள்ளி பஸ்ஸில் மகனுக்கு இடம் கிடைக்காத ஒரு அம்மா. டி.டி. தன் கையாலேயே நோட்டில் எழுதிக்கொண்டார். எந்த நாடு, ஓட்டு உண்டா, எந்தக் கட்சி பிடிக்கும், ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் என் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று அவர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது.

சந்தோஷம்தான். ஆனால் அதே மனிதரின் கட்சிதான் வருடக்கணக்காக ஆட்சியில் இருக்கிறது, என் சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போகிறது. இவ்வளவு கிட்டத்தில் இருக்கிற அரசியல்வாதிகள், இவ்வளவு சுலபமாக அணுக முடிகிற அமைப்பு, பிறகு ஏன் வீட்டுப் பிரச்சினை மட்டும் தீரவே மாட்டேன் என்கிறது? அப்புறம் ஃபியனா ஃபால், ஃபினா கெய்ல் இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்? யாரைக் கேட்டாலும் சிரிக்கிறார்கள்.

கார்க்வாசி

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கான பதில் வாக்குச்சீட்டிலேயே இருக்கிறது. இங்கே ஒரு தொகுதிக்கு ஒரு உறுப்பினர் கிடையாது. மூன்று, நான்கு அல்லது ஐந்து பேர். சீட்டில் எல்லா வேட்பாளர் பெயரும் அகர வரிசையில் படத்தோடு இருக்கும், நாம் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடவேண்டும். ஐந்து இடத் தொகுதியில் 60,000 செல்லும் வாக்குகள் என்றால் 10,001 வாங்கியவர் ஜெயித்தார். அவரிடம் மிஞ்சியது அடுத்த விருப்பத்துக்குப் போகும், கடைசியில் இருப்பவர் வெளியேற, அவருடைய சீட்டுகளும் அடுத்த எண்ணுக்குப் போகும். இப்படியே சுற்றுச் சுற்றாக ஓடும்.

இதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒரே கட்சி ஒரே தொகுதியில் இரண்டு மூன்று பேரை நிறுத்துகிறது. கட்சிக்கொள்கை அவர்கள் எல்லாருக்கும் ஒன்றுதான், அதைச் சொல்லி ஒருவர் இன்னொருவரை முந்த முடியாது. அப்போது மிச்சம் என்ன? யார் உங்கள் வீட்டுச் சாவுக்கு வந்தார்கள், யார் தெருவிளக்கைச் சரி செய்ய கவுன்சிலுக்குப் போன் போட்டார்கள், யார் பாஸ்போர்ட் விஷயத்தில் உதவினார்கள். இங்கே டி.டி.க்குப் பதவி போவது பெரும்பாலும் எதிர்க்கட்சிக்காரரால் இல்லை, பக்கத்திலேயே நிற்கிற சொந்தக் கட்சிக்காரரால். கிராமப்புறங்களில் டி.டி.மார் வாரத்துக்கு எத்தனை இறுதிச் சடங்குக்குப் போகிறார்கள் என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. பேசில் சப் என்ற அரசியல் ஆய்வாளர் 1963லேயே இதைத்தான் எழுதினார், ஐரிஷ் மக்கள் பிரதிநிதியின் வேலையில் பெரும்பகுதி தொகுதி மக்களுக்காக அதிகாரிகளை விரட்டிக்கொண்டிருப்பதுதான் என்று.

இதில் இன்னொரு விளைவும் உண்டு, அது எனக்குப் பிடித்த விளைவு. எதிராளியின் ஆதரவாளர் போடுகிற மூன்றாம் எண்ணும் நான்காம் எண்ணும் கூட உங்களுக்கு வேண்டும். அதனால் யாரையும் அடியோடு பகைத்துக்கொள்ள முடியாது. பிரசாரத்துக்குக் கதவைத் தட்டுகிறவர் "முதல் எண்ணை அவருக்கே கொடுங்கள், இரண்டாவதை எனக்குப் போடுங்கள்" என்று மனதாரச் சொல்வார். வீட்டுக்காரரும் வந்தவரை எல்லாம் "பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லித்தான் அனுப்புவார். முகத்துக்கு நேரே மறுப்பது இங்கே மரியாதைக் குறைவு.

லிஃபிக்கரை

கார்க்வாசி சொன்ன அந்த "பிடித்த விளைவு" எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை. யாரையும் பகைக்க முடியாது என்றால் யாரும் கடினமான முடிவை எடுக்க மாட்டார்கள் என்றும் அர்த்தம். கவனித்துப் பாருங்கள், டப்ளின்_15 நண்பருக்குக் கிடைத்த அந்தக் கடிதம் அவருக்கு உரிமையாக அரசு அலுவலகத்திலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். டி.டி. அலுவலகங்களுக்கென்று துறைகளில் தனி மின்னஞ்சல் வழி இருக்கிறது, ஒரு தனிநபரின் விண்ணப்ப நிலையைக் கேட்டு நாடாளுமன்றத்தில் எழுத்துமூலக் கேள்வியே போடுகிறார்கள். முன்வாசல் மெதுவாக நகர்வதால் பக்கவாசலுக்கு ஆள் வேண்டியிருக்கிறது. பக்கவாசலைத் திறந்துவிடுகிறவருக்கு நன்றி சொல்கிறோம். முன்வாசலைச் சரி செய்ய அவருக்கு என்ன அவசரம் வரும்?

நைட்_ட்யூட்டி (கால்வே)

லிஃபிக்கரை, கோபம் புரிகிறது. ஆனால் நானும் கூட வேலை பார்க்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகளும் விசா குளறுபடியில் தவித்தபோது எங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே இடம் அந்த டி.டி. அலுவலகம்தான். பக்கவாசலோ எதுவோ, திறந்தார்களே. நாம் குடிமக்கள் இல்லை, எங்களால் அவர்களுக்கு ஒரு ஓட்டும் லாபமில்லை. அதையும் கணக்கில் எடுங்கள்.

யாழ்_டப்ளின்

கட்சிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு நான் எழுதுகிறேன். இலங்கையிலிருந்து வந்த எனக்கு இந்த நாட்டின் கதையில் நெஞ்சைத் தொட்ட இடம் இதுதான்.

விடுதலைப் போருக்குப் பிறகு 1921 டிசம்பரில் பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதை ஏற்பதா மறுப்பதா என்று, சேர்ந்து போராடிய அதே ஆட்கள் இரண்டாகப் பிரிந்து 1922, 23இல் உள்நாட்டுப் போர் நடந்தது. புதிய அரசு 77 பேரைச் சுட்டுக் கொன்றதை மறுதரப்புக் குடும்பங்கள் தலைமுறைகளாக மறக்கவில்லை. ஒப்பந்தத்தை ஏற்றவர்களின் வழி வந்தது ஃபினா கெய்ல். மறுத்தவர்களின் வழி வந்தது, டி வலேரா 1926இல் தொடங்கிய ஃபியனா ஃபால். பொருளாதாரக் கொள்கையில் இரண்டும் கிட்டத்தட்ட நடுவுக்குச் சற்று வலப்பக்கம்தான். வித்தியாசம் உங்கள் தாத்தா எந்தப் பக்கம் நின்றார் என்பதில் இருந்தது. அதனால்தான் கேட்டால் சிரிக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. போரில் தோற்ற தரப்பு 1932 தேர்தலில் வென்றது. போர் முடிந்து ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது. வென்ற தரப்பின் தலைவர் காஸ்கிரேவ், ஆட்சியை டி வலேராவிடம் அமைதியாகக் கையளித்தார். இராணுவம் தலையிடவில்லை, யாரையும் கைது செய்யவில்லை. எத்தனை நாடுகளில் இது நடந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இங்கே அரசியலை மென்மையாகக் கதைக்கிறார்கள், சண்டை வேண்டாம் என்று ஒதுங்குகிறார்கள் என்று குறை சொல்கிறோம். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே துவக்கு ஏந்திய வீடுகள் இருந்த ஊரில், சாப்பாட்டு மேசையில் அந்தக் கதையைத் தொடாமல் இருப்பதுதான் சேர்ந்து வாழ வழியாக இருந்தது. அந்தப் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை என்று நான் நினைக்கிறேன்.

இரண்டு கட்சியும் சேர்ந்து முதன்முறையாகக் கூட்டாட்சி அமைத்தது 2020இல்தான், பசுமைக் கட்சியோடு. 1982இல் இந்த இரண்டு கட்சிகளின் மொத்த வாக்கு 84 வீதத்தைத் தொட்டது. 2024 நவம்பர் தேர்தலில் 43 வீதத்துக்கும் குறைவு. அப்படியிருந்தும் 174 இடங்களில் ஃபியனா ஃபால் 48, ஃபினா கெய்ல் 38, கூடவே சுயேச்சைகள் என்று திரும்பவும் அவர்களே. மிஹால் மார்ட்டின் பிரதமர், 2027 நவம்பரில் சைமன் ஹாரிஸுக்குக் கைமாற்றுவதாக உடன்பாடு. 39 இடம் எடுத்த எதிர்க்கட்சியான ஷின் ஃபெய்னோடு சேர இரண்டு கட்சியுமே தயாரில்லை.

சென்னைவாசகன்

நான் அயர்லாந்தில் இல்லை, வாசகன் மட்டுமே. இத்தனை சுற்று எண்ணுவதென்றால் மெஷின் இல்லாமல் எப்படி? நம்மிடம் ஒரே நாளில் முடிவு வந்துவிடுகிறதே.

கார்க்வாசி

மெஷின் வாங்கினார்கள். 5 கோடி யூரோவுக்கு மேல் செலவு. 2002இல் மூன்று தொகுதிகளில் சோதித்தும் பார்த்தார்கள். டப்ளின் வடக்குத் தொகுதியில் நோரா ஓவன் என்ற முன்னாள் அமைச்சர் தோற்றதை மேடையில் நின்றபடியே திடீரென்று கேட்டுத் தெரிந்துகொண்டார், தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. மனிதருக்கு மூச்சு விடக்கூட அவகாசம் தராத முறை என்று மக்களுக்குக் கசந்துவிட்டது. பதிவாகிற ஓட்டைச் சரிபார்க்கக் காகிதம் இல்லை என்ற எதிர்ப்பும் வலுத்தது. 2009இல் திட்டத்தையே கைவிட்டார்கள், 2012இல் மெஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். மறுபடி பென்சிலும் காகிதமும்தான்.

எண்ணுகிற இடத்துக்கு நான் போயிருக்கிறேன், அதைக் கொஞ்சம் சொல்கிறேன். ஓட்டுப்போட்ட மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பெட்டியைத் திறந்து சீட்டுகளை முகம் மேலே தெரியும்படி பிரிப்பார்கள். இடுப்பளவு தடுப்புக்கு இந்தப் பக்கம் எல்லாக் கட்சி ஆட்களும் அட்டையும் பென்சிலுமாக எக்கி நிற்பார்கள். ஒவ்வொரு சீட்டிலும் 1 யாருக்கு என்று எட்டிப் பார்த்துக் கோடு கோடாகப் போடுவார்கள். நான்கு கோடு, குறுக்கே ஒன்று, ஐந்து. எந்தப் பெட்டி எந்தப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடி என்று தெரியும் என்பதால், எந்தத் தெருக்காரர்கள் நம்மைக் கைவிட்டார்கள் என்பது வரை அங்கேயே தெரிந்துவிடும். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் தங்கள் கோடுகளை ஒன்றாகச் சேர்த்துக் கூட்டி எல்லாருக்கும் பொதுவாகக் கொடுப்பதும் உண்டு. மதியத்துக்குள் முடிவின் சாயல் வெளியே வந்துவிடும், அதிகாரபூர்வ முடிவு வர இரண்டு மூன்று நாள்கூட ஆகும். 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் மிட்லண்ட்ஸ் வடமேற்குத் தொகுதியில் 27 வேட்பாளர்கள், எண்ணி முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு வாரம். யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. தோற்றவர் தான் ஏன் தோற்றோம் என்பதை ஒவ்வொரு சுற்றாகக் கண்ணால் பார்க்கிறார். அதனால் முடிவின்மேல் சந்தேகம் எழுவதில்லை. இந்த முறையை ஒழிக்க ஃபியனா ஃபால் 1959லும் 1968லும் மக்கள் வாக்கெடுப்பு நடத்திப் பார்த்தது. இரண்டு முறையும் மக்கள் முடியாது என்றுவிட்டார்கள்.

லிஃபிக்கரை

சரி, எண்ணும் முறை அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இழையின் கேள்வி வீடு. அதற்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

2006இல் இந்த நாட்டில் ஒரே வருடத்தில் 80,000க்கு மேல் வீடுகள் கட்டினார்கள். 2008இல் வங்கிகளும் கட்டுமானமும் சேர்ந்து சரிந்தன, 2010 நவம்பரில் 8,500 கோடி யூரோ கடன் திட்டத்துக்கு நாடு கையேந்த வேண்டியதாயிற்று. 2013இல் கட்டி முடித்த வீடுகள் 5,000கூட இல்லை. கொத்தனாரும் தச்சரும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். உள்ளாட்சிகள் சொந்தமாக வீடு கட்டுவதைக் கிட்டத்தட்ட நிறுத்தின, தனியார் வீட்டுக்காரர்களுக்கு வாடகை உதவி கொடுப்பதோடு சரி. பிறகு பொருளாதாரம் மீண்டது, நாம் எல்லாரும் வந்தோம், வீடு மட்டும் அதே வேகத்தில் வரவில்லை. 2024 தேர்தலுக்கு முன் இந்த வருடம் 40,000ஐ நெருங்குவோம் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். வருடம் முடிந்து கணக்கு வந்தபோது 30,330. ஓட்டு விழுந்த பிறகு வந்த கணக்கு! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 2025 தொடக்கத்தில் அவசரத் தங்குமிடங்களில் இருந்தவர்கள் 15,000க்கு மேல், அதில் குழந்தைகள் ஆயிரக்கணக்கில்.

இது வெறும் பணப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். கார்க்வாசி விளக்கிய அதே அமைப்பை வீட்டு விஷயத்தில் பொருத்திப் பாருங்கள். ஒரு பேட்டையில் 300 அடுக்ககங்கள் கட்டத் திட்டம் வருகிறது. பக்கத்துத் தெருக்காரர்கள் எதிர்க்கிறார்கள்: நெரிசல், நிழல் விழும், பள்ளியில் இடமில்லை. அவர்களுக்கு அங்கே ஓட்டு இருக்கிறது, தவறாமல் போடவும் செய்வார்கள். அந்த 300 வீட்டில் குடிவரப் போகிறவர்கள் யார்? இன்னும் அம்மா வீட்டு மாடியறையில் இருக்கும் முப்பது வயதுக்காரர், வேறு தொகுதியில் வாடகைக்கு இருப்பவர், சிட்னிக்குப் போய்விட்டவர், நாம். ஒருவருக்கும் அந்தத் தொகுதியில் ஓட்டு இல்லை. சிட்னிக்குப் போனவருக்கு நாட்டிலேயே இல்லை, வெளிநாட்டில் வாழும் ஐரிஷ்காரர்களுக்குப் பொதுவாக டால் தேர்தலில் வாக்களிக்க வழி கிடையாது. ஐந்து டி.டி.யும் அவர்களுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் கவுன்சிலர்களும் எந்தப் பக்கம் சாய்வார்கள்? வீடு வேண்டும் என்று சபையில் முழங்கிவிட்டு, தொகுதியில் வருகிற திட்டத்துக்கு எதிராக ஆட்சேபக் கடிதம் போட்டவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். கிட்டத்தில் இருப்பவர் குரல் மட்டும்தான் இந்த அமைப்புக்குக் கேட்கிறது.

டாலா_அப்பா

லிஃபிக்கரை எழுதியதில் முக்கால்வாசி சரி. ஆனால் இந்த மக்கள் கோபப்படவே மாட்டார்கள் என்ற தொனி எனக்குச் சரியாகப் படவில்லை. 2014இல் தண்ணீருக்குக் கட்டணம் போட்டபோது டப்ளின் தெருக்களில் திரண்ட கூட்டம் சாதாரணம் இல்லை. டப்ளின் புறநகரான எங்கள் டாலா பக்கம் ஜாப்ஸ்டவுனில் துணைப் பிரதமர் ஜோன் பர்ட்டனின் காரையே மணிக்கணக்கில் மறித்தார்கள். தண்ணீர்மானி பொருத்த வந்தவர்களைத் தெருத்தெருவாகத் திருப்பி அனுப்பினார்கள். 2016 தேர்தலுக்குப் பின் கட்டணத்தை நிறுத்தி வைத்தார்கள், கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பியும் கொடுத்தார்கள்.

ஓட்டிலும் அடிப்பார்கள். 2007இல் 77 இடம் வென்ற ஃபியனா ஃபால் 2011இல் 20க்கு இறங்கியது. 2025 அக்டோபர் ஜனாதிபதித் தேர்தலைப் பாருங்கள். ஃபியனா ஃபால் வேட்பாளர் ஜிம் கேவின், தன் வீட்டில் முன்னொரு காலத்தில் வாடகைக்கு இருந்தவர் கூடுதலாகக் கட்டிய 3,300 யூரோவைத் திருப்பித் தரவில்லை என்ற செய்தி வந்ததும் போட்டியிலிருந்தே விலகினார். பழைய வாடகைப் பாக்கி ஒன்று நாட்டின் பெரிய கட்சியின் வேட்பாளரை வீழ்த்துகிற அளவுக்கு இந்த விஷயம் மக்களைச் சுடுகிறது. கேத்தரின் கானலி 63 சதவீதம் எடுத்து ஜெயித்தார். அதே தேர்தலில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகள் செல்லாதவை, கிட்டத்தட்ட 13 சதவீதம், பெரும்பாலும் வேண்டுமென்றே போட்டவை. அந்தச் சீட்டுகளில் சிலவற்றில் எழுதியிருந்தது வெளிநாட்டவருக்கு எதிரான வாசகம். கோபம் இருக்கிறது, அது எந்தப் பக்கம் திரும்பும் என்பதுதான் என் பயம்.

2023 நவம்பர் 23 இரவு டப்ளின் நடுவில் வெளிநாட்டவருக்கு எதிரான கலவரத்தில் பஸ் எரிந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். 2025 ஜூலையில் எங்கள் டாலாவில் ஒரு இந்தியரை அடித்து, ஆடை களைந்து ரத்தத்தோடு விட்டார்கள். அவர்மேல் பொய்ப் பழியையும் இணையத்தில் பரப்பினார்கள். அதன்பின் அடுத்தடுத்து வேறு இடங்களிலும் தாக்குதல், ஆகஸ்ட் 1ஆம் தேதி இந்தியத் தூதரகமே எச்சரிக்கை விட்டது, ஃபீனிக்ஸ் பூங்காவில் நடக்கவிருந்த இந்திய தினத்தைத் தள்ளி வைத்தார்கள். என் பையன் சைக்கிளை எடுக்கப் போனாலே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீடு இல்லாத கோபத்தை "இவர்கள் வந்ததால்தான்" என்று நம் பக்கம் திருப்பிவிடச் சிலர் முழுநேரமாக வேலை செய்கிறார்கள். அதே சமயம் சொல்லியே ஆகவேண்டும், அந்தத் தாக்குதலைக் கண்டித்து எங்கள் பேட்டையில் கூடி நின்றவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் ஐரிஷ்காரர்கள். ரத்தத்தோடு நின்ற அவரை முதலில் அரவணைத்து, நடந்ததை ஊருக்குச் சொன்னவரும் அந்த வழியாகப் போன ஒரு ஐரிஷ் பெண்தான்.

நைட்_ட்யூட்டி (கால்வே)

டாலா அண்ணா, படித்துவிட்டு மனசே சரியில்லை. பையன் பத்திரம்.

இந்த மக்கள் மாற மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நான் சவிதாவைத்தான் நினைப்பேன். 2012 அக்டோபரில் இதே கால்வேயில், கரு கலைந்துகொண்டிருந்த நிலையில், சிசுவின் இதயத்துடிப்பு நிற்கவில்லை என்பதால் சிகிச்சை தள்ளிப்போய், ரத்தத்தில் நோய்த்தொற்று ஏறி இறந்துபோன சவிதா ஹலப்பனவர். கர்நாடகத்துப் பெண், பல் மருத்துவர், 31 வயது. 1983இல் அரசியலமைப்பில் சேர்த்த எட்டாவது திருத்தம், கருவின் உயிருக்கும் தாயின் உயிருக்கும் சம உரிமை என்று சொல்லிக் கருக்கலைப்பைத் தடுத்த திருத்தம், மருத்துவர்களின் கையைக் கட்டியிருந்தது. அந்தச் செய்தி வந்தபோது நம் பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாமல் இருந்தோம்.

இங்கே அரசியலமைப்பில் ஒரு வரியை மாற்றவும் மக்கள் வாக்கெடுப்பு வேண்டும். அதற்கு முன் குலுக்கல் முறையில் சாதாரணக் குடிமக்கள் 99 பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரு நீதிபதி தலைமையில், வார இறுதிகளில் உட்கார வைத்து, மருத்துவரையும் சட்டம் தெரிந்தவரையும் பாதிக்கப்பட்ட பெண்களையும் பேச வைத்துக் கேட்கச் சொன்னார்கள். அவர்கள் கொடுத்த பரிந்துரை, பல அரசியல்வாதிகள் எதிர்பார்த்ததைவிடத் துணிச்சலானது. 2018 மே 25 வாக்கெடுப்பில் 66 சதவீதம் திருத்தத்தை நீக்கச் சொன்னார்கள். தொகுதிகளில் டொனெகால் ஒன்றுதான் கூடாது என்றது. அந்த நாட்களில் டப்ளின் போர்ட்டபெல்லோவில் சவிதாவின் முகம் வரைந்த சுவர் முழுக்க மக்கள் சின்னச் சின்னக் காகிதங்களில் மன்னிப்புக் கேட்டு எழுதி ஒட்டியிருந்தார்கள். விவாகரத்தை 1986இல் மறுத்து, 1995இல் வெறும் 9,114 ஓட்டு வித்தியாசத்தில் ஏற்ற நாடு இது. 2015இல் ஒருபால் திருமணத்தை 62 சதவீதத்தோடு ஏற்றது. ஓட்டுப்போடவே விமானமேறி ஊர் வந்த பிள்ளைகளை நான் கண்ணால் பார்த்தேன். பெரும்பாலான டி.டி.மார் தைரியமாக முன்னால் நின்று இதைச் செய்யவில்லை. பெண்களும் குடும்பங்களும் வருடக்கணக்காகக் கதவு கதவாகப் போய் நடந்ததைச் சொன்னார்கள்.

லிஃபிக்கரை

அக்கா, முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2004ஐயும் சொல்லுங்கள். இங்கே பிறந்த குழந்தைக்குத் தானாகக் குடியுரிமை என்பதை நிறுத்தச் சொல்லி 79 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். 2005 ஜனவரியிலிருந்து, பெற்றோர் இருவருமே வெளிநாட்டவர் என்றால், ஒருவராவது குழந்தை பிறப்பதற்கு முந்தைய நான்கு வருடங்களில் மூன்று வருடம் உரிய அனுமதியோடு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மாணவர் விசாவில் இருந்த காலம் அதில் சேராது. கடைசி வருட மாணவர்களாக வந்து இங்கே குழந்தை பெற்ற நம் ஆட்கள் எத்தனை பேர் இதில் மாட்டியிருக்கிறார்கள்! அதே தாராள மனசு நம் குழந்தைகள் விஷயத்தில் சுருங்கியது.

யாழ்_டப்ளின்

இரண்டும் உண்மை. பக்கத்து வீட்டில் நடப்பது தெரிந்தால் இந்தச் சனம் இரங்குகிறது. தெரியாதவரைப் பற்றி யாராவது பயமுறுத்தினால் பயப்படுகிறது. 2004இல் எங்களைத் தெரிந்தவர்கள் குறைவு.

டப்ளின்_15

எல்லாருடைய பதிலையும் இரண்டு முறை படித்தேன், மிக்க நன்றி. ஒன்று மட்டும் புரியவில்லை. டால் தேர்தலிலும் மக்கள் வாக்கெடுப்பிலும் ஜனாதிபதித் தேர்தலிலும் நமக்கு ஓட்டு இல்லை. அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன, குடியுரிமை வரும்வரை காத்திருப்பதா?

டாலா_அப்பா

இல்லை தம்பி! இதைத்தான் நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உள்ளாட்சித் தேர்தலில் எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும், 18 வயதாகி இங்கே வசித்தால் ஓட்டு உண்டு. வேலை விசா, மாணவர் விசா, எதுவும் தடையில்லை. வேட்பாளராக நிற்கவும் செய்யலாம். 2024 ஜூனில் எங்கள் தெற்கு டப்ளின் கவுண்டி மேயராக வந்த பேபி பெரெப்பாடன் கேரளத்திலிருந்து வந்தவர். அவர் மகனும் அதே தேர்தலில் கவுன்சிலர் ஆனார்.

கவுன்சில் என்றால் அதிகாரம் கம்மி, அது தெரியும். போலீஸ், பள்ளி, மருத்துவமனை எதுவும் அவர்கள் கையில் இல்லை, பாதி முடிவுகளைத் தலைமை நிர்வாகியே எடுத்துவிடுவார். ஆனால் வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. எந்த நிலம் குடியிருப்புக்கு, எது பூங்காவுக்கு, எங்கே எத்தனை மாடி எழும்பலாம் என்பதையெல்லாம் வகுக்கிற ஆவணம் அது, கவுன்சிலர்கள் வாக்களித்து நிறைவேற்றுவது. அந்த ஓட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்பது நிலம் வைத்திருந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. டப்ளின் நிலங்களை வகை மாற்றக் கவுன்சிலர்களுக்குப் பணம் கொடுத்த விவகாரத்தை விசாரிக்கத்தான் 1997இல் விசாரணை ஆணையம் அமைத்தார்கள், கடைசி அறிக்கை வர 2012 ஆயிற்று. அந்த விசாரணை கிளப்பியதில் முன்னாள் அமைச்சர் ரே பர்க் வரிக் குற்றத்துக்காக 2005இல் சிறைக்கே போனார்.

லிஃபிக்கரை கேட்டாரே, அந்த 300 வீட்டில் குடிவரப்போகிறவர்களுக்கு ஓட்டு எங்கே என்று. அதே கவுன்சில் எல்லைக்குள் வாடகைக்கு இருக்கிற நம் ஆட்களுக்கு ஓட்டு இருக்கிறது. போடுவதில்லை, அவ்வளவுதான். எங்கள் அடுக்ககத்தில் கேட்டுப் பார்த்தேன், பதிவு செய்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதிப் பேருக்கு உரிமை இருப்பதே தெரியாது. பிரசாரத்துக்கு வருகிறவர் கையில் வாக்காளர் பட்டியல் இருக்கும். பெயர் இல்லாத கதவைத் தட்ட அவருக்கு நேரம் இருக்காது.

லிஃபிக்கரை

ஒரு கவுன்சிலருக்கு முதல் எண்ணாகச் சில நூறு ஓட்டு விழுந்தாலே அடுத்தடுத்த சுற்றுகளில் தேறிவிடக்கூடிய வார்டுகள் உண்டு. நம் ஆட்கள் ஒரு பேட்டையில் நூறு பேர் பதிந்தாலும் அது கணக்கில் வரும். இதில் டாலா அண்ணனோடு எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் கதவைத் தட்ட வருகிறவரிடம் தெருவிளக்கைப் பற்றி மட்டும் கேட்டு அனுப்பாதீர்கள். "இந்தப் பேட்டையில் வீடு கட்டும் திட்டங்களுக்கு நீங்கள் எப்படி ஓட்டுப் போட்டீர்கள், எதற்கெல்லாம் ஆட்சேபம் எழுதினீர்கள்?" என்று கேளுங்கள். கவுன்சில் கூட்டக் குறிப்புகள் இணையத்தில் இருக்கின்றன, பார்த்துவிட்டே கேட்கலாம்.

நைட்_ட்யூட்டி (கால்வே)

எப்படிப் பதிவது என்று யாராவது விவரமாகப் போடுங்களேன், எங்கள் குழுவில் பகிர்கிறேன்.

கார்க்வாசி

வாக்காளர் பட்டியலுக்கான அரசுத் தளத்தில் பி.பி.எஸ். எண்ணும் (அரசுச் சேவைகளுக்கான அடையாள எண்), பிறந்த தேதியும், வீட்டின் ஏர்கோடும் (அஞ்சல் குறியீடு) கொடுத்தால் சில நிமிட வேலை. பி.பி.எஸ். எண் இல்லாதவர்கள் படிவத்தை எடுத்து நிரப்பி, காவல் நிலையத்தில் கையெழுத்து வாங்கிக் கவுன்சிலுக்கு அனுப்பலாம். 2022 சட்டத்துக்குப் பிறகு பட்டியல் வருடம் முழுக்கத் திறந்தே இருக்கிறது, வாக்களிப்புக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு வரை சேரலாம். ஆனால் கடைசி நேரம் வரை இழுக்காதீர்கள். வீடு மாறினால் முகவரியையும் மாற்றவேண்டும், வாடகை வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2029இல்.

டப்ளின்_15

இப்போதுதான் பதிந்தேன். மனைவியின் பெயரையும் சேர்த்தாகிவிட்டது. எங்கள் கவுன்சிலின் வளர்ச்சித் திட்டத்தைத் தரவிறக்கி வைத்திருக்கிறேன். வரைபடத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற காலி நிலத்துக்கு என்ன நிறம் அடித்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன். நிறங்களின் அர்த்தம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள்.